துளிக்குள் இருபது லட்சம்

ஈப்போவில் கோழிப் பண்ணைகளின் நோய்களைப் பரிசோதிக்கும் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் என் உத்தியோக வாழ்வின் பெரும்பகுதி கழிந்தது. அங்கே நாங்கள் நாள்தோறும் அளந்து விட்ட திரவத்தின் பிரமாணத்தைச் சொன்னால், அதைக் கண்ணால் கண்டிராதவர்கள் நம்பத் தயங்குவார்கள். ஒரு மில்லிலிட்டரை நாற்பது பங்காக்கி அதில் ஒரு பங்கு, அதாவது 25 மைக்ரோலிட்டர். கண்ணுக்கு மருந்து விடும் சொட்டில் ஏறத்தாழப் பாதி. கோழியின் ரத்தத்திலிருந்து கழுவிப் பிரித்தெடுத்த சிவப்பணுக்களை உப்புநீரில் நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்து, அந்தக் கலவையில் இவ்வளவு அற்பமான பங்கை எடுத்து, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியதான ஒரு பிளாஸ்டிக் தட்டின் 96 குழிகளிலும் ஏற்றத்தாழ்வின்றி விடவேண்டும். அப்படி விடும் ஒவ்வொரு சொட்டிலும் இருபது லட்சத்தை ஒட்டிய உயிரணுக்கள் இருக்கின்றன என்பதை, வேலையில் சேர்ந்து சில காலம் சென்றபின், ஓர் ஓய்வுநேரத்தில் காகிதத்தில் கணக்கிட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்; அதன்பின் ஒரு சொட்டையேனும் அலட்சியமாக விட என் கை துணிந்ததில்லை.

அந்தப் பரிசோதனை நியூகாஸில் நோய்க்காகச் செய்யப்படுவது. 1926-ஆம் ஆண்டில் ஜாவாவிலும், இங்கிலாந்தின் நியூகாஸில் நகரத்தை அடுத்த பண்ணைகளிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அடையாளம் காணப்பட்டு, பிறகு இமயமலைச் சாரலிலுள்ள ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் இந்தியாவில் அவ்வூரின் பெயராலேயே வழங்கி, தமிழ்நாட்டுக் கிராமங்களில் வெள்ளைக் கழிச்சல் என்று எல்லோரும் அறிந்த அந்த நோய், நான் பிறந்து வளர்ந்த சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டத்திலும் அவ்வப்போது வந்துபோகும். வந்தால், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை வாசலில் மேய்ந்த கோழிகளெல்லாம் கழுத்தைத் திருகிக்கொண்டு விழும். சம்பள நாளுக்கு முந்திய வாரத்தில் கையிலிருந்த ஒரே ஆஸ்தியாகச் சில குடும்பங்களுக்கு அந்தக் கோழிகளே இருந்தன என்பதால், அது சிறிய நஷ்டமன்று. பிற்காலத்தில் சித்தியவான் பக்கத்துப் பெரிய பண்ணைகளிலிருந்து வந்த ரத்த மாதிரிகளைக் கையில் வாங்கும்போதெல்லாம், அந்தப் பண்ணைகளின் ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு முன்னால் லயத்து வாசல் கோழிகள்தாம் என் ஞாபகத்தில் வந்து நின்றன.

பரிசோதனையின் தத்துவம் எளியது, அழகானதும்கூட. 1941-இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்பவர், இன்புளுயன்ஸா வைரஸ் வளர்ந்த கோழிமுட்டையின் நீரோடு கருக்குஞ்சின் ரத்தம் கலந்தபோது சிவப்பணுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு திரள்வதைக் கவனித்தார். நியூகாஸில் வைரஸுக்கும் அந்தக் குணம் உண்டு. வைரஸ் இருக்கும் குழியில் அணுக்கள் வலைபின்னிப் பரந்து நிற்கும். தடுப்பூசியின் பயனாகக் கோழியின் ரத்தநீரில் போதிய எதிர்ப்புப் பொருள் இருந்தால், அது வைரஸைக் கட்டிப்போட்டுவிட, அணுக்கள் தம் இயல்புப்படி குழியின் கூரிய அடியில் ஒரு சிவந்த பொட்டாக இறங்கிச் சேரும். ரத்தநீரை இரண்டில் ஒன்று, நான்கில் ஒன்று, எட்டில் ஒன்று என்று படிப்படியாக மெலிதாக்கிக்கொண்டே போய், வைரஸைச் சேர்த்து அரைமணி நேரம் வைத்திருந்து, கடைசியில் சிவப்பணுக்களை விட்டு, மேலும் நாற்பது நிமிஷம் காத்திருந்தபின் தட்டைச் சாய்த்துப் பார்க்கவேண்டும். அணுக்களை மட்டும் விட்ட ஒப்புநோக்குக் குழியில் பொட்டு எவ்வளவு வேகத்தில் கண்ணீராக வழிகிறதோ, அதே வேகத்தில் வழியும் கடைசிக் குழி எதுவோ, அதுவே அந்தக் கோழிக்கு உள்ள பாதுகாப்பின் அளவு. குளிர்நாட்டு விதிநூல்கள் இதையெல்லாம் அறையின் வெப்பத்தில், அதாவது 20 டிகிரியில் செய்யச் சொல்லும். கிந்தா பள்ளத்தாக்கின் மத்தியான வெயிலில் அறை என்பது 30 டிகிரிக்குக் குறையாது என்பதால், குளிர்சாதனம் பழுதான நாட்களில் எங்கள் வேலையும் நின்றுபோகும்.

தட்டில் குழிகளிட்டு இப்படிச் சொற்ப அளவில் பரிசோதிக்கும் முறையை உலகுக்கு அளித்தவர் ஹங்கேரி நாட்டு கியூலா தகாட்சி. 1950-களின் தொடக்கத்தில், இன்புளுயன்ஸா பரவிய காலத்தில், ஆய்வுக்கூடத்துக்கு வேண்டிய கண்ணாடிப் பிப்பெட்டுகளே கிடைக்காத தட்டுப்பாட்டில், அவர் பிளாஸ்டிக் பலகையில் குழி கடைந்து, திட்டமான அளவு நீரைத் தன்னிடம் தாங்கிக்கொள்ளும் சுருள் கம்பிகளைச் செய்து, அவற்றை விரல்களுக்கிடையே சுழற்றியே கலந்தும் மாற்றியும் பரிசோதனையை முடித்தார். பொருள் நிறைந்த நாடுகளில் தோன்றாமல், வறுமையின் நிர்ப்பந்தத்தில் தோன்றிய அந்தச் சாதனம் 1962-இல் ஜான் செவர் என்பவரால் அமெரிக்காவில் பிரசித்தமாகி, இன்று உலகத்தில் அது இல்லாத ஆய்வுக்கூடம் இல்லை எனலாம். அதன் வழித்தோன்றலான சொட்டுக் குழாயைப் பிடித்துத்தான் நான் தொழிலைக் கற்றேன்: செங்குத்தாகப் பிடித்தால் ஒரு சொட்டு சரியாக 25 மைக்ரோலிட்டர் விழும், சற்றுச் சாய்த்தால் அளவு மாறும்.

எனக்குத் தொழில் கற்பித்தவர், டைகர் லேன் என்று முதியவர்கள் இன்றும் சொல்லும் சுல்தான் அஸ்லான் ஷா சாலையில் 1948 முதல் இயங்கிவரும் கால்நடை ஆய்வு நிலையத்தில் பழகியவர்களிடம் பாடம் கேட்டவர். புந்தோங்கில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தவர். அதிகம் பேசமாட்டார். முதல் வாரத்தில் நான் மிகுந்த சிரத்தையோடு சொட்டுகளை எண்ணி விட்டுக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்து நின்று, சிவப்பணுக் கலவை இருந்த கிண்ணத்தை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார்.

"மேலே பாரு தங்கச்சி, தெளிஞ்சிட்டு வருது. அடியில பாரு, சேறா நிக்குது. சொட்டு ஒரே அளவுதான், நான் ஒத்துக்கறேன். சொட்டுக்குள்ள இருக்கிறது ஒரே அளவா?"

கோழியின் சிவப்பணுவுக்கு, மனிதனுடையதற்கு இல்லாத ஒரு விசேஷம் உண்டு. அதனுள் உட்கரு இருக்கிறது; அதனால் அது கனமானது, விரைவில் அடியில் இறங்குவது. பரிசோதனை நாற்பது நிமிஷத்தில் முடிவதற்கு அந்தக் குணமே உதவி; சமமாகப் பங்கிட முயல்கிறவர்களுக்கு அதே குணம் உபத்திரவம். கலவையைக் கலக்காமல் அடியிலிருந்து எடுத்தால் முதல் தட்டுகளில் அணுக்கள் மிகுதியாகும். வைரஸால் அவ்வளவையும் பற்றித் திரட்ட முடியாமல் போய், பாதுகாப்பில்லாத கோழிக்கும் பாதுகாப்பு இருப்பதாகத் தட்டு பொய் சொல்லும். கடைசித் தட்டுகளில் அணுக்கள் குறைந்து, பொட்டு கண்ணுக்கே புலப்படாது. பண்ணைக்காரர் அந்த எண்களை நம்பி இரண்டாம் தடுப்பூசியை ஒத்திவைத்துவிட்டு, பத்து நாள் கழித்துக் கொட்டகையில் குப்பல் குப்பலாகச் செத்த கோழிகளை வாரவேண்டி நேரும். எங்கள் மேஜைமேல் நிகழும் ஒரு சிறு வண்டல், நாற்பது மைலுக்கு அப்பால் ஒரு குடும்பத்தின் ஜீவனத்தைத் தொட்டுவிடும் என்பதை அவர் எனக்கு அன்றே சொல்லிவிட்டார்.

அவர் சொன்னது எனக்கு உடனே விளங்கியதற்குக் காரணம், அதே நியாயத்தை நான் சிறுமியாயிருந்தபோதே தோட்டத்து ஸ்டோர் வாசலில் கண்டிருந்தேன் என்பதுதான். 1877-இல் பேராக்கின் ரெசிடெண்டாயிருந்த ஹியூ லோ கோலகங்சாரில் நட்டுவைத்த கன்றுகளிலிருந்து எங்கள் மாநிலத்தின் ரப்பர்ச் சரித்திரம் தொடங்குகிறது. அந்தச் சரித்திரத்தில் என் தாயாரின் பங்கு, விடியுமுன் ஆளெண்ணும் பெரட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, தம் நிரையிலிருந்த ஐந்நூறு மரங்களை ஒட்டி நடந்து, ஒவ்வொன்றின் பட்டையிலும் காகிதத்தின் கனத்துக்கு ஒரு சீவல் எடுத்து, மங்குகளில் சொட்டிய பாலை உச்சிவேளைக்குள் வாளிகளில் சேர்த்து, காண்டாக் கம்பில் தோளேற்றி ஸ்டோருக்குக் கொண்டுவருவது. அங்கே கணக்கரான கிராணி பாலை நிறுப்பார், நிறுத்ததோடு விடமாட்டார். மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைப் பாலில் இறக்கி, அது எந்தக் கோட்டில் நிற்கிறதென்று பார்த்து, நூற்றுக்கு முப்பதா முப்பத்தைந்தா நாற்பதா என்று பாலுக்குள் இருக்கும் ரப்பரைக் கணக்கிட்டு, அதற்குத்தான் கூலி எழுதுவார். வாளி நிறைந்திருக்கலாம்; மழை ஈரம் சேர்ந்த பாலானால் உள்ளிருக்கும் பொருள் குறைவு. இரண்டு பெண்கள் ஒரே எடை கொண்ட பாலை இறக்கிவைத்துவிட்டு இருவேறு கூலியோடு திரும்புவதை நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். திரவத்தின் அளவு வேறு, திரவம் சுமக்கும் பொருளின் அளவு வேறு என்ற பாடத்தை, பள்ளிக்கூடத்தில் கற்குமுன், கூலிப் புத்தகத்தில் கற்றவர்கள் நாங்கள்.

பின்னாளில் தாவரவியல் படித்தபோது, ரப்பர் பால் மரத்தின் வேரிலிருந்து ஏறிவரும் சாறு அல்ல, பட்டைக்குள் நீண்டு பின்னிக் கிடக்கும் பால்நாள உயிரணுக்களின் உட்பொருளே அது என்று தெரிந்துகொண்டேன். உயிரணுவின் உள்ளிருப்பைச் சொட்டுச் சொட்டாக அளந்து வாழ்ந்த வீட்டிலிருந்து, உயிரணுவையே சொட்டுச் சொட்டாக அளக்கும் வேலைக்கு வந்திருக்கிறேன் என்ற எண்ணம் அன்று எனக்கு மிகுந்த சந்தோஷத்தைத் தந்தது. தாயாரிடம் சொன்னேன். அவர் என் வலக்கையை வாங்கி, கட்டைவிரலின் அடியை அழுத்திப் பார்த்து, "இங்கதானே வலிக்குது?" என்று கேட்டார்.

அங்கேதான் வலித்தது. சொட்டுக் குழாயின் காலம் போய், எட்டு முனைகள் கொண்ட பிப்பெட்டின் காலம் வந்தபோது வேகம் கூடியது, வலியும் கூடியது. அழுத்து, விடு, நகர், மறுபடி அழுத்து என்று ஒரு நாளில் எத்தனை தடவை அந்தக் கட்டைவிரல் இறங்கி ஏறியிருக்கும் என்பதை யார் எண்ணினார்கள்? பால்வெட்டும் பெண்களின் மணிக்கட்டு நாற்பது வயதிலேயே தளர்ந்துபோவதைக் கண்டு வளர்ந்த எனக்கு, வெள்ளை அங்கியும் குளிர்ந்த அறையும் உள்ள உத்தியோகத்தில் அதே தளர்ச்சி அதே வயதில் வந்து சேர்ந்தது வருத்தத்தையே தந்தது. கையால் செய்வதே உயர்ந்தது, யந்திரம் வந்தால் பக்குவம் போய்விடும் என்று பேசுகிறவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்களுடைய அபிப்பிராயத்தை ஏற்க என்னால் இயலவில்லை. சாயங்காலம் நான்கு மணிக்குக் களைத்த கை விடும் சொட்டு, காலை எட்டு மணிக்கு விட்ட சொட்டாக இருப்பதில்லை. அதோடு, கை களைக்கும்போது அழுத்தம் மூர்க்கமாகிறது. குறுகிய முனை வழியே வேகமாகத் தள்ளப்படும் அணுக்கள் உடைந்து, உள்ளிருக்கும் சிவப்பு நீரில் கசிந்துவிடும். மனிதக் கை மென்மையானது, யந்திரம் கடுமையானது என்ற பொதுவான நம்பிக்கைக்கு எங்கள் தட்டுகள் சாட்சி சொல்லவில்லை.

1998-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போவைச் சுற்றியிருந்த பன்றிப் பண்ணைகளில் வேலைசெய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டபோது, கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் எல்லோரும் எண்ணினார்கள். தெருத்தெருவாகப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். தம்புன் மலைகளின் அடிவாரத்துச் சாலைகளில் புகையடிக்கும் வண்டி போன மாலைகளில் நாங்கள் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வேலைசெய்தது இன்றும் ஞாபகமிருக்கிறது. நோய் நிற்கவில்லை, தெற்கே நெகிரி செம்பிலானுக்கும் பரவிற்று. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில், சுங்கை நிப்பா கிராமத்து நோயாளி ஒருவரின் மூளை-தண்டுவட நீரை உயிரணு வளர்ப்பில் விட்டுப் பார்த்த டாக்டர் சுவா காவ் பிங், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸால் நேராத ஒரு மாற்றம் அந்த அணுக்களில் நேர்வதைக் கண்டார். அடுத்தடுத்து நின்ற அணுக்கள் தம் எல்லைகளை இழந்து ஒன்றோடொன்று உருகிக் கலந்து, பல உட்கருக்கள் கொண்ட பெரும் பிண்டங்களாக மாறியிருந்தன. மாதிரியோடு அவர் அமெரிக்காவுக்குப் பறந்தார். அங்கே மின்னணு நுண்ணோக்கியில் அதுவரை அறியப்படாத ஒரு வைரஸ் தென்பட்டது. அந்தக் கிராமத்தின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டு, அவர்களில் 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் அது வந்ததென்பது பிறகு ஸ்தாபிதமாயிற்று.

சுவா பயன்படுத்திய அணுக்கள், 1962-இல் ஜப்பானில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்க்கத் தொடங்கிய வீரோ என்னும் வம்சத்தைச் சேர்ந்தவை. எங்கள் கூடத்துக்கு அந்த வைரஸோடு நேரான சம்பந்தம் எதுவுமில்லை; அதைத் தொடுவதற்குரிய பாதுகாப்பு அறை எங்களிடம் இருக்கவும் இல்லை. ஆயினும் அந்த மாதங்களில்தான் உயிரணு வளர்ப்பின் மகத்துவத்தை நான் முழுதும் உணர்ந்தேன். வைரஸ் தனியே நின்று தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. உயிருள்ள ஓர் அணு அதற்கு இடங்கொடுத்து, அதனால் துன்புற்று, அந்தத் துன்பத்தின் வடிவத்தை நமக்குக் காட்டவேண்டும். ஆபத்தான அந்த நாட்களில் நாட்டுக்கு உண்மையைச் சொன்ன முதல் சாட்சி, ஒரு புட்டியின் அடியில் ஒட்டி வாழ்ந்த அணுக்கள். ஒரு ரத்தநீருக்கு வைரஸைத் தடுக்கும் சக்தி உண்டா என்று அறிய இத்தகைய அணுக்களைக் குழிகளில் விடும்போது, ஒரு குழியில் பதினாயிரமும் அடுத்ததில் முப்பதினாயிரமும் விழுந்தால், சாட்சிகளின் வாக்கு எப்படி ஒத்துப்போகும்?

சில ஆண்டுகளுக்குப்பின், எங்கள் கூடமும் வீரோ அணுக்களை வளர்க்கத் தொடங்கியிருந்த காலத்தில், தானாகச் சொட்டுவிடும் யந்திரம் வந்து சேர்ந்தது. அதன் அமைப்பில் மாயம் எதுவுமில்லை. எட்டு மெல்லிய சிலிக்கோன் குழாய்கள், அவற்றை வரிசையாக அழுத்திக்கொண்டு சுழலும் உருளைகள், அந்த அழுத்தத்தால் முன்னோக்கி நகரும் திரவம், எட்டு முனைகளின் கீழே ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு நகர்ந்துகொடுக்கும் தட்டு, இவ்வளவுதான். நான் கையால் செய்ய ஐந்து நிமிஷம் பிடித்த தட்டு சில விநாடிகளில் முடிந்தது. நிறுவ வந்த இளைஞர் மஞ்சள் சாயம் கலந்த நீரைத் தட்டுகளில் விட்டு, ஒவ்வொரு குழியும் எவ்வளவு ஒளியை உட்கொள்கிறதென்று அளக்கும் கருவியில் வைத்துக் காட்டினார். முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் சொல்லத்தக்க வேறுபாடே இல்லை. எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டோம்.

மறுநாள், வைரஸ் எதையும் சேர்க்காமல், சிவப்பணுக்களை மட்டும் இருபது தட்டுகளில் விடச்சொன்னேன். சாயம் நீரோடு கரைந்து நிற்கும் பொருள், அது இறங்காது. அணு இறங்கும். நாற்பது நிமிஷம் கழித்துத் தட்டுகளை வரிசையாக மேஜையில் பரப்பிப் பார்த்தபோது, முதல் தட்டின் பொட்டு திரண்டு கருத்தும், இருபதாவதன் பொட்டு வெளிறியும் இருப்பதை, சொல்லிக்கொடுக்க அவசியமில்லாமல், வாசலில் நின்ற காவலாளியும் கண்டார். எண்ணும் கண்ணாடியில் ஏற்றி நுண்ணோக்கியில் எண்ணியபோது கண் கண்டதே ருசுவாயிற்று. யந்திரத்தில் குறையில்லை, அதனிடம் கேட்கப்பட்ட திரவத்தின் அளவை அது பிசகில்லாமல் கொடுத்தது. புட்டியின் அடியைத் தொட்டு நின்ற குழாய் தடித்த வண்டலை முதலில் உறிஞ்சிவிட்டு, தெளிந்ததைக் கடைசிக்கு மீதம் வைத்திருந்தது. மெட்ரோலாக்கை எடுத்துவைத்துவிட்டுத் தராசை மட்டும் நம்பிய ஸ்டோரில் என்ன நடக்குமோ, அதுதான் அங்கு நடந்தது.

அதன்பின் வந்த வாரங்கள் என் தொழில் வாழ்வில் நான் மிகவும் அனுபவித்தவை. புட்டியின் அடியில் காந்தக் கோலை இட்டு மெதுவாகச் சுழலவிட்டோம். மெதுவாகச் சுழன்றால் ஓரத்தில் அணுக்கள் ஒதுங்கின. வேகத்தைக் கூட்டினால் அவை உடைந்தன. எந்த வேகம் சரியென்று தீர்மானிக்கச் சிவப்பணுக்களே வழிகாட்டின. கலவையைச் சிறிது எடுத்துச் சுழற்றுக் கருவியில் வைத்து அணுக்களை அடியில் இறக்கிவிட்டு, மேலே நிற்கும் நீரைப் பார்ப்போம். நிறமற்றிருந்தால் நல்லது, இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அணுக்கள் காயப்பட்டிருக்கின்றன. இரண்டு தட்டுகளுக்கிடையே யந்திரம் நிற்க நேர்ந்தால், குழாய்களுக்குள் தங்கிய கலவை அங்கேயே இறங்கிப் படிந்துவிடுகிறது என்பதைக் கண்டு, நிற்கும்போதெல்லாம் குழாயிலுள்ளதைப் புட்டிக்கே திருப்பி அனுப்பும் வழக்கத்தை ஏற்படுத்தினோம். பெரிய புட்டியில் ஒரே தடவையாகக் கலவையை நிரப்புவதைவிடச் சிறுகச் சிறுக நிரப்புவது நலம் என்பதும் தெரிந்தது. வீரோ அணுக்களுக்கு வேறு சில நியமங்கள் தேவைப்பட்டன. தட்டின் ஓரக் குழிகளில் நீர் விரைவில் ஆவியாவதால் அங்குள்ள அணுக்கள் வாடும். விட்டவுடனே வெப்பப் பெட்டிக்குள் வைத்தால் குழியின் ஓரத்தில் கூட்டமாக ஒதுங்கும். சற்று நேரம் அறையிலேயே அசைக்காமல் விட்டுவைத்தால் அடிமுழுதும் சமமாகப் படிந்து ஒட்டிக்கொள்ளும். இவற்றில் எதுவும் யந்திரத்தோடு வந்த கையேட்டின் முதற்பக்கத்தில் இருக்கவில்லை.

தொண்ணூற்றாறு குழிகள் போதாமல் 384 குழித் தட்டும், அதுவும் போதாமல் 1536 குழித் தட்டும் இப்போது பெரிய மருந்து ஆய்வகங்களில் சர்வசாதாரணம். அவற்றில் சிலவற்றில் முனையே திரவத்தைத் தொடுவதில்லை. ஒலியலையால் உந்தப்பட்டு, ஒரு மைக்ரோலிட்டரின் நானூறில் ஒரு பங்கான சொட்டு மேலெழும்பித் தட்டில் ஒட்டிக்கொள்கிறது. அந்த யந்திரங்களை நான் இயக்கியதில்லை. ஆனால் சொட்டு சிறுத்துக்கொண்டே போகும்போது எழும் ஒரு புதிய சங்கடத்தைப் பற்றி நான் அடிக்கடி சிந்தித்திருக்கிறேன். இருபது லட்சம் அணுக்கள் உள்ள சொட்டில் நூறு கூடினாலும் குறைந்தாலும் தெரியாது. சராசரியாக ஒரே ஓர் அணு என்ற கணக்கில் நூறு குழிகளில் விட்டால் என்னவாகும்? எவ்வளவு நன்றாகக் கலந்தாலும், எவ்வளவு திட்டமாக அளந்தாலும், பிரெஞ்சு தேசத்துப் பாய்ஸான் வகுத்த கணிதப்படி ஏறத்தாழ 37 குழிகள் வெறுமையாயிருக்கும். 37 குழிகளில் ஒன்று இருக்கும். மீதி 26 குழிகளில் இரண்டோ அதற்கு மேலோ இருக்கும். 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் கண்டுபிடித்த முறையில் ஒரே அணுவின் சந்ததியிலிருந்து ஒரே வகை எதிர்ப்புப் பொருளைப் பெறவேண்டுமானால், குழியில் ஒன்றே ஒன்று இருந்ததென்ற நிச்சயம் வேண்டும். அந்த நிச்சயத்துக்காகப் பல குழிகளை வெறுமையாக விடச் சம்மதித்து, மூன்று குழிக்கு ஒன்று என்னும்படி கலவையை மெலிதாக்கி விடுவதே வெகுகாலம் வழக்கமாயிருந்தது.

அதற்கும் ஒரு வழி பிறந்தது. காகிதத்தில் மைத்துளிகளைத் தெறிக்கவிட்டு எழுத ஸ்டான்போர்டில் ரிச்சர்டு ஸ்வீட் செய்த ஆராய்ச்சியை எடுத்துக்கொண்டு, லாஸ் அலமாஸில் மேக் புல்வைலர் என்பவர் 1965-இல் உயிரணுக்களைத் துளித்துளியாகப் பிரித்து அனுப்பும் கருவியைச் செய்து காட்டினார். அந்த வம்சத்தில் வந்த இன்றைய கருவிகள், முனையின் வாயில் ஒரு காமிராவை வைத்துக்கொண்டு, விழப்போகும் துளிக்குள் அணு இருக்கிறதா, ஒன்றா இரண்டா என்று பார்த்து, ஒன்று மட்டும் உள்ள துளியைக் குழிக்கும் மற்றவற்றை ஒதுக்குப்புறத்துக்கும் அனுப்புகின்றன. அத்தகைய கருவி ஒன்றின் இயக்கத்தைப் படக்காட்சியில் முதன்முதல் பார்த்தபோது என் மனம் நிறைந்தது. எங்கள் மூத்தவர் கிண்ணத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டிக் கேட்ட கேள்வியை, இந்தக் கருவி ஒவ்வொரு துளியிடமும் தானே கேட்கிறது.

நான் வளர்ந்த தோட்டத்தில் இப்போது செம்பனை நிற்கிறது, லயங்கள் இல்லை, அங்கிருந்தவர்களின் பேரக்குழந்தைகள் ஈப்போவின் அடுக்குமாடி வீடுகளிலிருந்து கம்பார் பல்கலைக்கழகத்துக்கும் இங்குள்ள மருத்துவக் கல்லூரிக்கும் போய்ப் படிக்கிறார்கள். அவர்களில் சிலர் பயிற்சிக்காக எங்கள் கூடத்துக்கு வருவதுண்டு. ஓய்வுபெற்ற பின்னரும் அழைத்தால் நான் போகிறேன். முதல் நாள் அவர்களை யந்திரத்தின் பக்கம் விடுவதில்லை. கழுவிய சிவப்பணுக்களை ஒரு கண்ணாடிக் குழாயில் கலந்து கையில் கொடுத்து, மேஜைமேல் நிறுத்திவைத்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மேலிருந்து ஒரு சொட்டு எடுத்து எண்ணச் சொல்கிறேன். எண்ணிக்கை இறங்குவதை அவர்களே தம் கையால் எழுதவேண்டும்.

சென்ற முறை வந்த ஒரு பெண், எழுதிய தாளை என்னிடம் நீட்டிக்கொண்டே, "ஆன்ட்டி, இதையெல்லாம் மெஷினே பாத்துக்காதா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

"சொட்டு எவ்வளவுன்னு அது பாத்துக்கும்மா. உள்ள எத்தன பேரு, உயிரோட இருக்காங்களான்னு கேக்கணும்னு அதுக்கு நாமதான் சொல்லிக்கொடுக்கணும். நாளைக்கு முதல் பிளேட்டையும் கடைசிப் பிளேட்டையும் எண்ணிட்டு வந்து சொல்லு."

மறுநாள் அவள் எண்ணிக்கொண்டு வந்தாள். முதல் தட்டுக்கும் இருபதாவதுக்கும் வேறுபாடு தெரிந்தது. காந்தக் கோலின் வேகத்தை இரண்டு கோடு உயர்த்தி, மேல்நீரின் நிறத்தைப் பார்த்து, மறுபடியும் எண்ண உட்கார்ந்தோம்.